நீங்கள் பார்த்த தொடர்களில், கதைக்காகவே மனத்தில் தங்கிவிட்ட எபிசோடு எது? ஏன்?

ஒன்றே ஒன்று என்றால் ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் மூன்றாம் சீசனில் வரும் பத்தாவது எபிசோடைச் சொல்வேன். அதன் பெயர் ‘ஃபிளை’, அதாவது ஈ. ஆனால் அது ஏன் என்று விளக்கப் போனால் ஒரு நகைச்சுவைத் தொடரும் ஒரு ஜப்பானிய அனிமேயும் கூடவே வந்து நிற்கின்றன. மூன்றையும் எழுதிவிடுகிறேன். முடிவுகளையும் சொல்லப்போகிறேன். இவற்றை இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

முதலில் ஈ.

வால்டர் ஒயிட் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்தவர். நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்ததும், குடும்பத்துக்குப் பணம் சேர்த்துவைத்துவிட்டுப் போகலாம் என்று போதைப்பொருள் காய்ச்சத் தொடங்கியவர். அவரிடம் முன்பு படித்த ஜெஸ்ஸி பிங்க்மன்தான் கூட்டாளி. மூன்றாம் சீசனில் இருவரும் ஒரு சலவைத் தொழிற்சாலைக்கு அடியில், தரைக்குக் கீழே கட்டிய பெரிய ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறார்கள். ஒரு நாள் வேலை முடியும் நேரத்தில் அங்கே ஓர் ஈ பறப்பதை வால்டர் பார்க்கிறார். சரக்கு கெட்டுவிடும், இதைக் கொல்லாமல் அடுத்த காய்ச்சலைத் தொடங்கக் கூடாது என்கிறார். செருப்பை எறிகிறார், விளக்கு உடைகிறது. மேல்தளத்திலிருந்து எட்டிப் பிடிக்கப் போய்க் கீழே விழுகிறார். இரவெல்லாம் துரத்துகிறார். காலையில் வரும் ஜெஸ்ஸியையும் துரத்தலில் சேர்த்துக்கொள்கிறார். ஏறத்தாழ முக்கால் மணி நேரமும் கதை இவ்வளவுதான்.

2010 மே 23 அன்று இது ஒளிபரப்பானபோதே ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். இன்றும் அப்படித்தான். ‘தொடரிலேயே வீணான எபிசோடு, கதை ஓர் அடிகூட நகரவில்லை’ என்பது ஒரு கட்சி. நான் மறு கட்சி. எடுத்ததற்கான காரணம் என்னவோ பணம்தான். அந்த சீசனில் செலவு கையை மீறிவிட்டதால், வெளிப்புறப் படப்பிடிப்பு எதுவும் இல்லாமல் இருக்கிற அரங்கிலேயே ஒன்றை முடிக்க வேண்டியிருந்தது. இப்படி எடுப்பதை அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் ‘பாட்டில் எபிசோடு’ என்பார்கள். இரண்டு நடிகர்களை ஓர் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் என்ன பேசுவார்கள் என்று எழுத்தாளர்கள் சாம் கேட்லினும் மொய்ரா வாலி-பெக்கெட்டும் யோசித்திருக்கிறார்கள். அப்படி யோசித்ததில் கிடைத்ததுதான் அந்தத் தொடரின் அடிவயிறு.

இது புரிய முந்தைய சீசனில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜெஸ்ஸிக்கு ஜேன் என்று ஒரு காதலி இருந்தாள். ஓர் இரவு இருவரும் போதையில் மயங்கிக் கிடக்கும்போது வால்டர் அங்கே போகிறார். ஜேனுக்குத் தூக்கத்திலேயே வாந்தி வந்து மூச்சு அடைக்கிறது. ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தால் பிழைத்திருப்பாள். வால்டர் கையை நீட்டப் போய், நிறுத்திக்கொள்கிறார். அவள் தனக்குத் தடையாக இருந்தாள் என்பதால் அவள் சாவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். ஜெஸ்ஸிக்கு இது தெரியாது. அவள் சாவுக்குத் தானே காரணம் என்று அவன் மாதக்கணக்கில் தன்னைத் தின்றுகொண்டிருக்கிறான்.

இப்போது ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். தூக்கமே இல்லாமல் ஈயைத் துரத்தும் மனிதரைப் பார்த்து ஜெஸ்ஸி பயந்துபோகிறான். அவனுடைய பெரியம்மா புற்றுநோயில் இறந்தவர். அவர் வீட்டுக்கு அடியில் ஒப்போசம் என்ற விலங்கு ஒன்று புகுந்துவிட்டது. அதைப் பிடித்துக் கொண்டுபோன பிறகும், இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று அவர் சாதித்துக்கொண்டே இருந்தார். நோய் மூளைக்குப் பரவியிருந்தது பிறகுதான் தெரிந்தது. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, நீங்கள் சமீபத்தில் பரிசோதனை செய்துகொண்டீர்களா என்று கேட்கிறான். கேட்கும் விதத்தில் ஒரு மகனின் கவலை இருக்கிறது. பிறகு அவருக்குத் தெரியாமல் காப்பியில் தூக்க மாத்திரையைக் கலந்துகொடுக்கிறான்.

மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் வால்டர் பேசுகிறார். தான் எப்போது செத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறார். போதுமான பணம் சேர்ந்த பிறகு, ஆனால் மனைவிக்கு எல்லாம் தெரிவதற்கு முன்பு, அந்த இடைவெளியில் எங்கேயோ சரியான ஒரு கணம் இருந்திருக்கிறது. அது ஜேன் இறந்த அந்த இரவுதான் என்கிறார். வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, அடுத்த அறையில் மனைவி குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள், அப்படியே முடிந்திருந்தால் போதும் என்கிறார். அன்று ஒரு மதுக்கடையில் ஜேனின் அப்பாவை யார் என்று தெரியாமலே சந்தித்ததையும் சொல்லிவிடுகிறார். பார்க்கும் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இன்னும் ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி.

அந்த வாக்கியம் எந்த இடத்தில் பாக்கி நிற்கிறது என்று பாருங்கள். ஈ உயரத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஜெஸ்ஸி ஆடிக்கொண்டிருக்கும் ஏணியின் உச்சியில், கையில் அடிக்கும் மட்டையோடு நிற்கிறான். கீழே, கண்ணைத் திறந்துவைக்க முடியாத வால்டர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவன் உயிர் அப்போது அவர் கையில் இருக்கிறது. ஜேனை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது என்கிறார். எனக்கும்தான் என்கிறான் ஜெஸ்ஸி. ‘இல்லை, மிகவும் வருந்துகிறேன்’ என்று மறுபடி சொல்கிறார். அவன் மேலே நின்றபடியே அவரைத் தேற்றுகிறான். உங்கள் தவறு இல்லை, என் தவறும் இல்லை, அவள் தவறும் இல்லை என்கிறான். இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போயிருக்கிறேன். குற்றம் செய்தவருக்கு, அதனால் அழிந்தவன் தன் வாயாலேயே மன்னிப்பு வழங்குகிறான்; எதை மன்னிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. வால்டர் அந்த மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார். ஈயும் செத்துவிடுகிறது. எபிசோடின் கடைசியில் அவர் வீட்டுப் படுக்கையில் படுத்திருக்கிறார், தூக்கம் வரவில்லை. மேலே இன்னொரு ஈ.

மூன்று வருடம் கழித்து, 2013 செப்டம்பரில் வந்த ‘ஓசிமாண்டியஸ்’ எபிசோடில் அதே வாக்கியத்தை வால்டர் சொல்லியே விடுகிறார். இம்முறை ஜெஸ்ஸியைக் கொல்லக் கொண்டுபோகிறவர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள். ‘ஜேன் சாவதை நின்று பார்த்தேன்’ என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். ஏணியடியில் சொல்லியிருந்தால் அது பாவமன்னிப்புக் கேட்பதாக இருந்திருக்கும், பாலைவனத்தில் அது கத்தியாக இறங்குகிறது. அந்த எபிசோடுக்கும் மொய்ரா வாலி-பெக்கெட்தான் எழுத்து, இரண்டையுமே இயக்கியவர் ரியான் ஜான்சன். ‘ஃபிளை’யில் கதை நகரவில்லை என்பவர்களிடம் நான் கேட்பது, அது இல்லாமல் இந்தக் கத்திக்கு இத்தனை கூர்மை எங்கிருந்து வந்திருக்கும்?

சரி, நகைச்சுவை. ‘சைன்ஃபெல்ட்’ தொடரின் இரண்டாம் சீசனில் வரும் ‘தி சைனீஸ் ரெஸ்டாரண்ட்’. இதுவும் ஒரு மே 23 அன்றுதான் ஒளிபரப்பானது, 1991இல். ஜெர்ரி, ஜார்ஜ், எலேய்ன் மூவரும் படத்துக்குப் போகும் முன் சாப்பிடலாம் என்று ஒரு சீன உணவகத்துக்கு வருகிறார்கள். மேசை காலியாக இல்லை. வாசலில் நிற்பவர் ஐந்து, பத்து நிமிடம் ஆகும் என்கிறார். எபிசோடு முழுக்கக் காத்திருக்கிறார்கள். எலேய்னுக்குப் பசி. ஜார்ஜுக்குக் காதலியிடம் அவசரமாகப் பேச வேண்டும், இருக்கிற ஒரே தொலைபேசியை வேறொருவர் விடாமல் பிடித்திருக்கிறார். ஜெர்ரியோ உடம்பு சரியில்லை என்று மாமாவிடம் பொய் சொல்லிவிட்டு வந்தவன். எங்கேயோ பார்த்த ஒரு பெண் முகம் எதிரில் வந்து அவனைக் குடைகிறது. அவள் மாமாவின் அலுவலகத்தில் வேலை செய்பவள்.

இதில் கதை எங்கே என்று என்பிசி தொலைக்காட்சியின் அதிகாரிகள் கேட்டார்களாம். ஒளிபரப்பை சீசனின் இறுதிப் பகுதிவரை தள்ளியும் வைத்தார்கள். நான் அவர்களிடம் எலேய்னைக் காட்டியிருப்பேன். யாருடைய மேசைக்காவது போய் ஒரு முட்டை ரோலை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் தின்றுவிட்டு வந்தால் ஐம்பது டாலர் தருகிறேன் என்கிறான் ஜெர்ரி. அவள் போகிறாள். தட்டின் அருகே நின்று, சிரித்த முகத்தை மாற்றாமல், பல்லிடுக்கு வழியாக அந்தக் குடும்பத்திடம் பேரம் பேசுகிறாள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வெறுங்கையோடு திரும்புகிறாள். ரோலுக்கும் அவள் விரலுக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

முடிவில் மூவரும் பொறுமை இழந்து வெளியேறுகிறார்கள். கதவு மூடிய சில நொடிகளில் காலி வரவேற்பறையைப் பார்த்து, வாசலில் நிற்பவர் ஜெர்ரியின் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்: ‘சைன்ஃபெல்ட்!’ என் அப்பாவின் கண் அறுவைக்காக ஒரு மருத்துவமனை வராந்தாவில் டோக்கனோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்ற பதிலை ஆறு முறை கேட்டபின் அவருக்குத் தண்ணீர் வாங்க இறங்கிப் போனேன். திரும்பி வந்தபோது அவர் எண்ணைக் கூப்பிட்டு முடித்து அடுத்த எண்ணுக்குப் போயிருந்தார்கள். அன்று அந்தக் கடைசிக் காட்சி அப்படியே கண்முன் வந்தது.

ஏணியடியில் நின்ற அந்த வாக்கியமும் இந்த மேசையும் எனக்கு ஒன்றாகத்தான் படுகின்றன. எட்டிவிடும் தூரத்தில் இருந்தது, எட்டவில்லை. பெரிய சண்டையும் திடீர்த் திருப்பமும் உள்ள எபிசோடுகள் நிறையப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் மறந்துபோயின. இந்த நூலிழைத் தூரம்தான் என்னை விடுவதில்லை.

அதனால்தான் மூன்றாவது. கியோட்டோ அனிமேஷன் தயாரித்து 2018இல் வந்த ‘வயலெட் எவர்கார்டன்’ அனிமேயின் பத்தாவது எபிசோடு. வயலெட் சிறுவயதிலேயே போரில் ஈடுபடுத்தப்பட்டு இரண்டு கைகளையும் இழந்து, உலோகக் கைகளோடு வாழ்பவள். பிறருக்காகக் கடிதம் எழுதிக் கொடுக்கும் வேலை செய்கிறாள். அந்தக் கதை உலகில் இந்த வேலை செய்யும் பெண்களைப் பாவைகள் என்கிறார்கள். நோயாளியான ஓர் அம்மா, கிளாரா, அவளை ஏழு நாள்களுக்கு வீட்டுக்கு வரவழைக்கிறார். அவருடைய ஏழு வயது மகள் ஆன், வந்திருப்பது நிஜமாகவே ஒரு பெரிய பொம்மை என்று நம்புகிறாள்.

அம்மாவும் பொம்மையும் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து நாள் முழுக்க எழுதுகிறார்கள். ஆனுக்கு உள்ளே அனுமதி இல்லை. யாருக்குக் கடிதம் என்று அவளிடம் சொல்வதும் இல்லை. அப்பா போரில் போய்விட்டார், அம்மாவும் போகப்போகிறார் என்பதை அந்தக் குழந்தை யாரும் சொல்லாமலே அறிந்துவைத்திருக்கிறது. மிச்சமிருக்கும் நாள்களை யாருக்கோ எழுதும் கடிதத்துக்கு ஏன் கொடுக்க வேண்டும்? ஒருநாள் வெடித்து, கத்திவிட்டு வெளியே ஓடுகிறாள். பின்னாலேயே வயலெட் போகிறாள். என் கை உன் கையைப் போல மென்மையாக ஆகப்போவதில்லை, அதேபோல உன் அம்மாவின் நோயையும் யாராலும் எதுவும் செய்ய முடியாது என்கிறாள். குழந்தையிடம் இப்படியா பேசுவது என்று முதலில் தோன்றியது. ஆனால் அந்த வீட்டில் ஆனிடம் உண்மையைப் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

கடிதங்கள் ஆனுக்குத்தான். இனி வரும் ஐம்பது பிறந்தநாள்களுக்கு, ஆண்டுக்கு ஒன்றாக ஐம்பது கடிதங்கள். அம்மா போன பிறகு எட்டாவது பிறந்தநாளில் முதல் கடிதம் வருகிறது. அப்புறம் பத்து வயது, பதினெட்டு, இருபது. ஆன் வளர்ந்துகொண்டே போகிறாள், அம்மாவின் குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. அங்கே வேலை முடிந்து திரும்பிய வயலெட், தன் அலுவலகத்தில் நின்று, அத்தனை நாளும் அடக்கிவைத்திருந்த அழுகையை அழுகிறாள்.

அந்த அம்மா செய்தது சரியா என்று எனக்குள் இன்னும் வழக்கு ஓடுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஏழு நாளை மகளிடமிருந்து எடுத்துத்தான் அவளுக்கு ஐம்பது வருடம் கொடுத்தார். ஏழு வயது ஆனிடம் கேட்டால் அந்த ஏழு நாள்தான் வேண்டும் என்பாள். இருபது வயது ஆனிடம் கேட்டால்? இரண்டு பேரும் சொல்வது நியாயம் என்று தோன்றும்படி இருபத்து நான்கு நிமிடத்துக்குள் எழுதியிருக்கிறார்கள். 2019 ஜூலை 18 அன்று கியோட்டோ அனிமேஷனின் ஸ்டுடியோவில் ஒருவன் தீ வைத்ததில் அங்கே வேலை செய்த 36 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு இந்த எபிசோடைப் பார்க்கும்போது, ஒவ்வொரு படமும் யாரோ ஒருவர் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுப் போன கடிதம் போல எனக்குத் தெரிகிறது.

போன மே விடுமுறையில் ஒன்பது வயது மகளோடு உட்கார்ந்து இதைத் திரும்பப் பார்த்தேன். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டு வயதில் முதல் கடிதம் என்றால் கடைசிக் கடிதம் ஐம்பத்தேழு வயதில் வரும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, ‘ஐம்பத்தெட்டாவது பிறந்தநாளுக்கு அந்தப் பாட்டி வாசலில் காத்திருப்பாரா அம்மா?’ என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

2020இல் வந்த அதன் திரைப்படத்தில், ஆன் இறந்த பிறகு அவளுடைய பேத்தி அந்தக் கடிதங்களை எடுத்துப் படிக்கிறாள். பாட்டி எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். அந்தப் படத்தை மகளுக்கு இன்னும் காட்டவில்லை. இரண்டு மூன்று வருடம் போகட்டும் என்று இருக்கிறேன்.