பரிசுப் பணம் யார் கையில்?

கேள்வி: டெலிகிராம் குழு ஒன்றில், இங்கிலீஷ் பிரீமியர் லீக் கால்பந்து ஃபேன்டசி ஆட்டத்துக்கு (நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி பெறும் ஆட்டம்) நாற்பது பேர் தலைக்கு 1,000 ரூபாய் போட்டோம். பணம் அட்மின் பொறுப்பில். மே மாதம் சீசன் முடிந்தபோது நான் முதலிடம். மறுநாள் காலை குழுவையே காணவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? – சேலம் வாசகர்

பதில்: போகலாம், பலன் இருக்காது. அந்த ஆட்டம் இலவசம். நடத்துகிறவர்கள் உங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. உங்களைப் போன்றவர்கள் தங்களுக்குள் ஆடும் தனி லீக்கில் சேர ஒரு குறியீடு தருவதோடு அவர்கள் வேலை முடிந்தது. 40,000 ரூபாய் வசூலித்தவர் அட்மின். அவர் உங்களுக்கு எதையும் விற்கவில்லை, கூலியும் வாங்கவில்லை. நீங்கள் எப்படி நுகர்வோர் ஆவீர்கள்?

சிவில் வழக்கும் கடினம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவைப் படியுங்கள். பந்தயத்தில் வென்ற பணத்தை மட்டுமல்ல, முடிவு தெரியும்வரை இன்னொருவரிடம் கொடுத்துவைத்த பந்தயப் பணத்தையும் வழக்குப் போட்டு வாங்க முடியாது. அந்தக் காலத்திலேயே உங்கள் அட்மினை யாரோ பார்த்திருக்கிறார்கள்! தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்றால் அது மோசடிக் குற்றம். எத்தனை பேரைத் தேடிப்பிடிக்க முடியுமோ அத்தனை பேரும் சேர்ந்து, பணம் அனுப்பிய விவரங்களோடு சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுங்கள்.

இனி என் பழைய புலம்பல். அட்மின் என்பது பதவி அல்ல. குழுவை முதலில் தொடங்கியவர் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. தெருவில் தீபாவளிச் சீட்டுப் பிடிக்கும் அக்காவிடம் ஐந்நூறு ரூபாய் கட்டுவதற்குள் அவருக்கு வீடு சொந்தமா வாடகையா, கணவருக்கு எங்கே வேலை என்று விசாரித்துவிடுகிறோம். (அப்படியும் சிலர் இரவோடிரவாக வீட்டைக் காலி செய்கிறார்கள்.) இவரிடம் என்ன விசாரித்தீர்கள்? அவருடைய டெலிகிராம் புரொஃபைல் படத்தில் சிங்கம் இருந்ததாம். பணம் அனுப்பும்போது திரையில் வேறு பெயர் வந்ததாம், கேட்டதற்கு 'அண்ணன் கணக்கு' என்றாராம். ஆகஸ்டிலிருந்து மே வரை 38 சுற்றுகள். அத்தனை மாதமும் அந்தப் பணம் கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறது. கணக்கில் இருப்பைக் காட்டுங்கள் என்று நாற்பது பேரில் ஒருவராவது கேட்டீர்களா?

உங்களைத் திட்ட எனக்குத் தகுதி குறைவுதான். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், பழைய ஃபிரிட்ஜ் இருக்கிறது என்றவரின் அடையாள அட்டைப் படத்தை நம்பி 8,500 ரூபாய் முன்பணம் அனுப்பியவன் நான். அட்டையில் மீசை அவ்வளவு நேர்மையாக இருந்தது. ஃபிரிட்ஜ் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: ஃபேன்டசி கிரிக்கெட்டில் மூன்று லட்சம் வென்றதாகச் செய்தி வந்தது. 30 சதவீத வரியை முதலில் கட்டினால் பரிசுத் தொகை வருமாம். கட்டட்டுமா? – மதுரை

பதில்: ரொக்கப் பரிசில் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதுதான் சட்டம், கட்டாதீர்கள்.

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து ஃபேன்டசி லீக் ஒன்றில் கமிஷனரை (லீக்கை நடத்துபவரை) எனக்கு நேரில் தெரியாது. 100 டாலரை ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவை மூலம் அனுப்பச் சொல்கிறார். – நியூ ஜெர்சி

பதில்: தெரிந்தவர், நம்பகமானவர் என்றால் மட்டுமே அனுப்புங்கள் என்று அந்தச் சேவையே எச்சரிக்கிறது. லீக்சேஃப் போன்ற ஏற்பாடு உங்கள் நாட்டில் இருக்கிறது. பணம் கமிஷனர் கைக்குப் போகாது, லீக்கில் பெரும்பான்மையோர் ஒப்புக்கொண்டால்தான் வெளியே வரும். வேண்டாம் என்று கமிஷனர் முகம் சுளித்தால் உங்களுக்கு 100 டாலர் மிச்சம்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகன், என் போனிலிருந்து ஏதோ கிரிக்கெட் குழுவுக்கு 6,000 ரூபாய் அனுப்பிவிட்டான். நேற்று இரவுதான் தெரிந்தது. அவன் அப்பாவிடம் சொல்லவே பயமாக இருக்கிறது. – பெயர் வேண்டாம்

பதில்: அம்மா, உங்களுக்கு அன்றே தனியாக எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே. முதல் வேலை 1930 என்ற எண்ணை அழைப்பது. பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால் முடக்கிவைக்க வழி உண்டு. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்து வங்கிக்குத் தகவல். ரகசிய எண்ணை மாற்றுங்கள், அது மகனின் பிறந்த தேதியாக இருக்க வேண்டாம். அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள். பையனும் ஏமாற்றப்பட்டவன்தான்.

கேள்வி: 2025 ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்துக்குப் பிறகு ஆப்களில் பணப் போட்டியை நிறுத்திவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் சிலர் நடத்துகிறார்கள். பாதுகாப்பான குழு ஒன்றைச் சொல்ல முடியுமா? – கோவை

பதில்: முடியாது. திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டத்தை நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை என்கிறது அந்தச் சட்டம். ஆடுகிறவருக்குத் தண்டனை கிடையாது. ஆனால் சிறைக்கே பயப்படாத ஒருவரைத் தேடிப் பிடித்து, அவரிடம் பணத்தைப் பத்திரமாகக் கொடுத்துவைக்க வேண்டும் என்கிறீர்கள். அப்படி யாரையும் எனக்குத் தெரியாது.