இளவேனில் வந்துவிட்டது, இடுப்பு என்ன சொல்கிறது?

குளிர் விலகி வெயில் ஏறத் தொடங்கினால் போதும், தோட்டம் வைத்திருக்கும் பெரியவர்களுக்குக் கை பரபரக்கத் தொடங்கிவிடும். அதனால் இந்த முறை, பிள்ளைகள் வெளியே போய்விட இருவராக வீட்டில் இருக்கும் மூத்த தம்பதியரைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரே வீட்டிலிருந்து கணவரும் மனைவியும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் கேட்டு அனுப்பியதும் உண்டு. இரண்டையும் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குள் சமாதானம் செய்துகொள்வது அவர்கள் பொறுப்பு.

கேள்வி: வெயில் வந்துவிட்டது. மண்ணைக் கொத்த எப்போது தொடங்கலாம்? இன்னும் எத்தனை நாள் பொறுப்பது?

நாட்காட்டியைப் பார்க்காதீர்கள், மண்ணைப் பாருங்கள். பாத்தியில் ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்து, உருண்டையைக் கட்டை விரலால் லேசாக அழுத்துங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் வேலை தொடங்கலாம். விரல் ரேகை பதிந்து களிமண் பொம்மைபோல நின்றால் இன்னும் ஈரம் அதிகம். அந்த ஈரத்தில் மிதித்தாலோ கொத்தினாலோ மண் இறுகிக் கட்டியாகும். அந்தப் பருவம் முழுவதும் வேர் திணறும்.

முள்ளங்கி, பட்டாணி, பாலக்கீரை போன்றவை குளிர்ந்த மண்ணிலும் முளைக்கும், முதலில் அவற்றை விதையுங்கள். பீன்ஸுக்கு மண் 15 டிகிரியாவது சூடேற வேண்டும். தக்காளி, மிளகாய் நாற்றுகளை இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்காத பிறகுதான் வெளியே நட வேண்டும். அதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள், பகலில் நிழலில் வைத்து இரவில் உள்ளே எடுத்துப் பழக்குங்கள்.

இன்னொன்று: ஏற்கெனவே பாத்தியாக இருக்கும் இடத்தை ஆண்டுதோறும் ஆழமாகக் கொத்திப் புரட்ட வேண்டிய அவசியமே இல்லை. மக்கிய உரத்தை 3 முதல் 5 செ.மீ. கனத்துக்கு மேலே பரப்பிவிடுங்கள். மண்புழுக்கள் அதைக் கீழே இழுத்துக்கொள்ளும். அவற்றுக்கு இடுப்புவலி கிடையாது.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு எழுபத்து நான்கு வயது. உலர்ந்த கிளைகளை வெட்ட ஏணியில் ஏறுகிறார். சொன்னால் கேட்பதில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.

சொல்கிறேன் அம்மா. வயதை விடுங்கள், இளைஞர்களுக்கே அது ஆபத்தான வேலை. ஏணியை எந்தக் கிளையில் சாய்த்திருக்கிறாரோ, அந்தக் கிளையின் நுனிப் பாரத்தை வெட்டியதும் கிளை மேலே எழும்பும். ஏணிக்குச் சாய்மானம் இல்லாமல் போகும். வெட்டிய துண்டு நேராகக் கீழே விழாது. கடைசி நார் அறும்வரை ஊஞ்சலாடி ஏணியின் காலைத்தான் தேடிவரும். ஒரு கையில் ரம்பம், மறு கையில் கிளை என்றால் ஏணியைப் பிடிக்கக் கை எங்கே இருக்கிறது?

தரையில் நின்றபடி வெட்ட நீளக் கழியில் பொருத்திய ரம்பம் கிடைக்கிறது. அதிலும் கிளைக்கு நேர் கீழே நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் தலைக்குக் கவசமும் வேண்டும். அதற்கும் எட்டாத கிளை, மணிக்கட்டைவிடப் பருத்த கிளை, மின்கம்பிக்குப் பக்கத்தில் உள்ள கிளை ஆகிய மூன்றையும் ஆள் வைத்து வெட்டுங்கள்.

வெட்ட வருபவரிடம் சொல்ல ஒரு செய்தி. முதலில் அடிமரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் பாதி வெட்டு. அடுத்து அதற்குச் சற்று வெளியே மேலிருந்து வெட்டிப் பாரத்தை இறக்க வேண்டும். கடைசியாக, கிளை மரத்தோடு சேரும் இடத்தில் வளையம்போலத் தடித்திருக்கும் பகுதியை விட்டு அதன் ஓரமாக வெட்ட வேண்டும். இல்லையென்றால் கிளை முறியும்போது பட்டையும் கூடவே உரிந்து வரும். வெட்டிய இடத்தில் தாரோ பெயின்ட்டோ பூச வேண்டாம். மரம் புண்ணை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துக் காட்டியிருக்கிறார். பூச்சு அந்த வேலைக்கு உதவுவதில்லை.

கேள்வி: இருவருக்கும் முழங்கால் வலி. உயர்த்திய பாத்தி கட்டலாம் என்று நினைக்கிறோம். எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம்?

நல்ல முடிவு. ஆனால் கட்டும் முன் அளவு எடுங்கள், அதுவும் உங்கள் உடம்பில். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்வதானால் 60 செ.மீ. உயரம் பொதுவாகப் போதும். நின்று செய்வதானால் 75 முதல் 90 வரை. குனியாமல் நின்று, முழங்கையை மடக்கிக் கையை நீட்டினால் உள்ளங்கை மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். கணவர் உயரம், மனைவி குட்டை என்றால் இரண்டு பாத்தியை இரண்டு உயரத்தில் கட்டுங்கள். நடுத்தரமாக ஒன்று கட்டினால் இருவருக்கும் வலிக்கும்.

அகலத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இரு பக்கமும் நடக்க வழி இருந்தால் 120 செ.மீ., சுவரை ஒட்டி இருந்தால் 60 செ.மீ.; அதற்கு மேல் போனால் நடுவிலிருக்கும் களைக்குக் கை எட்டாது. எட்டிப் பறிக்கப் போகும்போதுதான் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பாத்திகளுக்கு இடையே 90 செ.மீ. வழி விடுங்கள். இன்று நடக்கிறீர்கள், என்றாவது ஊன்றுகோலோ சக்கர நாற்காலியோ வந்தாலும் அந்த வழி போதும்.

இப்போது கணக்கு. 120 செ.மீ. அகலம், 240 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம் என்றால் 2 கன மீட்டர் மண் வேண்டும். எடை ஏறத்தாழ 3 டன். இதை இருவரும் கூடையில் சுமக்கக் கூடாது. அடிப்பாதியில் பழைய மரக்கட்டைகள், சுள்ளிகள், சருகு போட்டு மேலே 30 செ.மீ. மட்டும் நல்ல மண்ணும் மக்கு உரமும் போடுங்கள். கீரை, முள்ளங்கி, மூலிகைகளுக்கு இந்த ஆழம் தாராளம். கட்டைகள் மக்க மக்க மட்டம் இறங்கும். ஒவ்வோர் இளவேனிலிலும் கொஞ்சம் உரம் போட்டு நிரப்பிக்கொள்ளலாம். பாத்தியின் ஓரப் பலகை ஒரு சாண் அகலமாக இருந்தால் அதில் உட்காரலாம், கை ஊன்றி எழலாம். நான் கட்டச் சொல்லும் பாத்திகளில் இதை மட்டும் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை: உயரமான பாத்தி தரைப் பாத்தியைவிடச் சீக்கிரம் காயும். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இல்லாவிட்டால் கட்டாதீர்கள்.

கேள்வி: ரோஜாச் செடிகளில் பாதி பட்டுப்போனதுபோல் இருக்கிறது. பிடுங்கிவிடலாமா?

அவசரம் வேண்டாம். நகத்தால் தண்டின் தோலை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே சுரண்டுங்கள். பச்சை தொடங்கும் இடத்துக்குக் கீழே, வெளிப்பக்கம் பார்த்த துளிர்மொட்டு ஒன்றைத் தேர்ந்து, அதற்கு அரை செ.மீ. மேலே, மொட்டுக்கு எதிர்ப்புறம் சரிவாக வெட்டுங்கள். அடிவரை பச்சையே இல்லாவிட்டாலும் சில வாரம் பொறுங்கள்; வேரிலிருந்து துளிர் வரலாம்.

ரோஜாவைப் பார்த்து எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள். இளவேனில் தொடக்கத்திலேயே பூக்கும் புதர்ச்செடிகள் போன ஆண்டுக் கிளையில்தான் மொட்டு வைத்திருக்கும். அவற்றுக்குப் பூத்து முடிந்த பிறகே கவாத்து. வேலிச் செடிகளை வெட்டும் முன் இலைகளை விலக்கிப் பாருங்கள், உள்ளே பறவை கூடு கட்டியிருந்தால் குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்தப் பக்கம் கத்தரியைக் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: அப்பா அம்மாவைத் தோட்டத்தை விட்டுவிடச் சொல்கிறோம். மாதம் ஒருமுறை ஆள் வைத்துவிடுகிறோம் என்றாலும் இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் மகள்.

ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? தோட்டத்தைச் சுருக்கச் சொல்லுங்கள், விடச் சொல்லாதீர்கள். ஆளிடம் கொடுக்க வேண்டியது மரம் வெட்டுதல், கூரைத் தகடுகளில் சருகு அள்ளுதல், உரமூட்டை தூக்குதல், பெரிய தொட்டிகளை நகர்த்துதல் ஆகியவை. விதைப்பு, நாற்று, தண்ணீர், வாடிய பூக் கிள்ளுதல், காய் பறித்தல் எல்லாம் அவர்களுடையது. வருபவர் அவர்களைக் கேட்காமல் ஒரு செடியையும் பிடுங்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். களை என்று நினைத்து அம்மாவின் நாற்றைப் பிடுங்கிப் போட்டால் வீட்டில் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

சுருக்குவது எப்படி என்றால், ஆண்டுக்கு ஆண்டு நட வேண்டிய பூச்செடிப் பாத்திகளில் பாதியைப் பல்லாண்டுப் புதர்களாக மாற்றுங்கள். இடைவெளியில் மரச்சிலாம்பு அல்லது சருகு மூடாக்கு 5 முதல் 8 செ.மீ. போட்டால் களையும் குறையும், தண்ணீரும் மிச்சமாகும். மூடாக்கு அடிமரத்தைத் தொடாமல் ஒரு கை அகலம் தள்ளியே இருக்கட்டும். ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகும்.

கேள்வி: ஏணியைப் பற்றிக் கேட்டவர் என் மனைவிதான் என்று நினைக்கிறேன். அவர் இரண்டு மணி நேரம் குத்துக்காலிட்டுக் களை பறிப்பதையும், நிறைந்த பூவாளியை ஒற்றைக் கையில் தூக்கி நடப்பதையும் யார் கேட்பது?

நியாயமான கேள்வி ஐயா. ஏணியை எங்கே வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள் என்பதையும் எழுதியிருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

அம்மாவுக்கு: 10 லிட்டர் பூவாளி நிறைந்தால் 10 கிலோவுக்கு மேல். ஒற்றைக் கையில் தூக்கினால் முதுகெலும்பு ஒரு பக்கம் வளைந்தே நடக்கும். 5 லிட்டர் பூவாளி இரண்டு, கைக்கு ஒன்று. அதுவும் பாதி நிரப்பினால் போதும். சொட்டுநீர்க் குழாய் போட்டுவிட்டால் அதுவும் வேண்டாம். கையில் பிடித்துப் பாய்ச்சும் குழாய் தரையில் கிடந்தால் தடுக்கும், அதனால் பளிச்சென்ற நிறத்தில் வாங்கி, வேலை முடிந்ததும் சுற்றி மாட்டுங்கள்.

குத்துக்கால் வேண்டாம், தாழ்வான முக்காலி போடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றுங்கள்: கொஞ்சம் களை, பிறகு நின்றபடி பூக் கிள்ளுதல், பிறகு உட்கார்ந்து நாற்று. ஒரே தசை ஓயாமல் உழைப்பதுதான் மறுநாள் படுக்க வைக்கிறது. மழை பெய்த மறுநாள் களை பறித்தால் வேரோடு வரும், பாதி நேரத்தில் முடியும்.

கேள்வி: விரல் மூட்டுகளில் வீக்கம். கத்தரியை அழுத்த முடியவில்லை.

முதலில் கத்தரியைத் தீட்டுங்கள். மழுங்கிய கத்தரிக்கு இரு மடங்கு பலம் வேண்டும், தண்டும் நசுங்கும். தீட்டியும் வலித்தால் பல்சக்கரம் வைத்த கத்தரி வாங்குங்கள். ஒரே அழுத்தில் வெட்டாமல் மூன்று நான்கு சின்ன அழுத்தங்களில் வெட்டும். மற்ற கருவிகளின் கைப்பிடி மெல்லியதாக இருந்தால், குழாய்களுக்குச் சுற்றும் நுரை உறையை வெட்டிச் சுற்றுங்கள். பிடி பருத்தால் விரல் குறைவாக மடங்கும். மேலே சிவப்பு நாடா சுற்றினால் புல்லில் போட்டுவிட்டுத் தேடவும் வேண்டாம்.

கேள்வி: முட்டை ஓடு, எப்சம் உப்பு, பாதைக் களைக்குக் கல்லுப்பு... இவையெல்லாம் பலன் தருமா?

முட்டை ஓட்டை மாவாகப் பொடித்தால் மெல்ல மெல்லக் கரையும். நொறுக்கிப் போட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட், அது மக்னீசியம் குறைந்த மண்ணுக்கு மட்டும். மற்ற மண்ணில் போட்டால் தக்காளி சுண்ணாம்புச் சத்தை எடுப்பது குறைந்து, காயின் அடி கறுப்பது கூடவும் செய்யலாம். கல்லுப்பு வேண்டவே வேண்டாம். களை சாகும், மழையில் கரைந்து பக்கத்துப் பாத்தியும் சாகும்.

கேள்வி: நடைபாதைக் கல்லில் பாசி. வழுக்குகிறது.

இந்தப் பருவத்தின் முதல் வேலை இதுவாகத்தான் இருக்க வேண்டும், விதைப்பு பிறகு. உலர்ந்த நாளில் நீளக் கைப்பிடி வைத்த விறைப்பான தூரிகையால் தேய்த்துப் பெருக்குங்கள். மேலே கவிந்த கிளையை விலக்கி வெயில் பட வைத்தால் திரும்ப வருவது குறையும். வேகமாக நீர் பீச்சும் கருவி (பிரஷர் வாஷர்) பின்னுக்கு உதைக்கும், கால் உறுதியில்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

கேள்வி: புல்தரையை ஒட்ட வெட்டிவிட்டால் அடிக்கடி வெட்ட வேண்டாமே?

நேர்மாறாக ஆகும். ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினால் வேர் சோர்ந்து, களை அந்த இடத்தைப் பிடிக்கும். 6 முதல் 8 செ.மீ. விட்டு வெட்டுங்கள். வெட்டிய துணுக்குகளை அங்கேயே விடுங்கள், அதுவே உரம்.

கேள்வி: இருவரும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறோம். எனக்கு இரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை உண்டு. தோட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியதை அவரிடமே கேளுங்கள். தோட்டக்காரன் சொல்லக்கூடியது இவ்வளவு: அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் குனிந்த நிலையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். எழும் முன் சற்று உட்கார்ந்து, எதையாவது பிடித்து எழுங்கள். உச்சிவெயிலில் வேலை வேண்டாம். இரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுபவருக்குச் சிறு கீறலும் நிற்காமல் கசியும். முழங்கை வரை தோல் கையுறை போடுங்கள், கீறினால் சுத்தத் துணியால் விடாமல் பத்து நிமிடம் அழுத்துங்கள். தலையில் அடிபட்டால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனை.

டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மூட்டையில் வரும் தொட்டி மண்ணைப் பிரிக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்து, நீர் தெளித்துத் தூசி அடக்கி, முகக்கவசத்தோடு அள்ளுங்கள். அதில் நுரையீரலைப் பாதிக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா இருக்கக்கூடும், மூத்தவர்களைத்தான் அது அதிகம் தாக்கும்.

கேள்வி: டப்பா நிறையப் பழைய விதைகள். முளைக்குமா?

ஈரத்தாளில் பத்து விதையைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். பத்து நாளில் ஏழெட்டு முளைத்தால் வழக்கம்போல் விதைக்கலாம். நான்கு ஐந்து என்றால் இரட்டிப்பாகத் தூவுங்கள். தக்காளி விதை உலர்வாக இருந்தால் நான்கைந்து ஆண்டு தாங்கும். வெங்காய விதை இரண்டு ஆண்டைத் தாண்டியிருந்தால் சோதிக்கவே வேண்டாம், புதிதாக வாங்கிவிடுங்கள்.