கம்பனையும் புதுமைப்பித்தனையும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லித்தருவது எப்படி?

கேள்வி: பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பழைய இலக்கியத்தையும் நவீன இலக்கியத்தையும் ஒப்பிட்டுப் படிக்கச் சொல்லித்தர வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: இரண்டு படைப்புகளும் தொட்டுக்கொள்ளும் ஒரு சொல்லிலிருந்து தொடங்குங்கள். ‘பெண் அன்றும் இன்றும்’ என்று தலைப்புக் கொடுத்தால், நூலைத் திறக்காமலே ‘அன்று அடிமை, இன்று விடுதலை’ என்று இரண்டு பக்கம் எழுதித் தந்துவிடுவார்கள்.

என் தேர்வு, கம்பராமாயணத்தின் பாலகாண்டத்து அகலிகைப் படலமும் 1943இல் வந்த புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ சிறுகதையும். தொட்டுக்கொள்ளும் சொல் தூசி. கம்பனில் ராமனின் ‘கழல் துகள்’ பட்டுக் கல் பெண்ணாகிறது. புதுமைப்பித்தன் கதையின் முடிவில் ராமன் காலில் படிந்த தூசி அவனையே சுடுகிறது. இடையில் என்ன நடந்தது? இந்த ஒரு கேள்வி ஆறு பாடவேளை தாங்கும்.

முதல் மூன்று பாடவேளையும் கம்பனுக்கே. முழுப் படலம் வேண்டாம். இந்திரன் வருகை, கௌதமர் சாபம், அகலிகையின் வேண்டுதல், கல் பெண்ணாவது, விசுவாமித்திரர் வியப்பு, அவளைக் கௌதமரிடம் சேர்ப்பது என்று இடத்துக்கு ஒன்றாக ஆறு பாடல் போதும். சந்தி பிரித்த வடிவத்தையே அச்சிட்டுக் கொடுங்கள். அருஞ்சொல் பதினைந்துக்கு மேல் போகவேண்டாம். பொழிப்புரையைக் கண்ணில் காட்டாதீர்கள். அது கைக்கு வந்த நிமிடமே பாட்டு கைவிடப்படும். நீங்கள் ஒருமுறை, அவர்கள் இருமுறை உரக்கப் படித்த பிறகுதான் பொருள். சாபப் பாடலில் ‘விலைமகள் அனைய’ என்று வருகிறது. அதை எந்தப் பிள்ளையையும் படிக்கச் சொல்லாமல் நீங்களே படியுங்கள். ஒரு பெண் வஞ்சிக்கப்பட்ட கதை இது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

தடுக்கும் இடம் ஒன்று நிச்சயம் வரும். ‘உணர்ந்தனள், உணர்ந்த பின்னும் தக்கது அன்று என்ன ஓராள்’ என்ற அடியில் ‘ஓராள்’ என்பதை ‘ஓர் ஆள்’ என்று படிப்பார்கள். ஓர்தல் என்றால் எண்ணிப் பார்த்தல். ஓராள் என்றால் எண்ணிப் பார்க்காதவள். இது விளங்கியதும், படலத்தின் கடைசியில் விசுவாமித்திரர் அவளை ‘நெஞ்சினால் பிழைப்பு இலாள்’ என்று சொல்வதைப் பக்கத்தில் வையுங்கள். உணர்ந்தும் விலகாதவள் என்று கவி ஓரிடத்தில் சொல்கிறார்; மனத்தால் பிழை செய்யாதவள் என்று முனிவர் இன்னோரிடத்தில் சொல்கிறார். வகுப்பு தானாகச் சண்டை பிடிக்கும். தீர்த்துவைக்க அவசரப்படாதீர்கள். கம்பனுக்குள்ளேயே இந்த இழுபறி இருப்பதைப் பார்த்த பிள்ளை, ‘பழையது ஒரே குரலில் பேசும்’ என்று பிறகு எழுதாது.

விசுவாமித்திரர் ராமனை வியந்து சொல்லும் ‘இவ்வண்ணம் நிகழ்ந்த வண்ணம்’ பாட்டில் ‘வண்ணம்’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். எட்டு. தாடகை வதத்தில் கைவண்ணம், இங்கே கால்வண்ணம். பிறகு கேளுங்கள்: இந்தப் பாட்டில் அகலிகை எங்கே? இல்லை. அவள் மீண்ட கணத்தைப் பாடும் பாட்டில் அவளே இல்லை. அதற்காகக் கம்பனில் அவள் ஊமை என்று முடிவு கட்டவும் விடாதீர்கள். சாபம் விழும்போது, ‘பிழைத்தது பொறுத்தல் என்றும் பெரியவர் கடனே’ என்று சாபத்துக்கு முடிவு கேட்பவள் அவள்தான். மீண்ட பிறகுதான் பேச்சில்லை. அந்த மௌனத்திலிருந்துதான் புதுமைப்பித்தன் கதை தொடங்குகிறது.

‘கம்பன் மூலம், மற்றவர் மாற்றியவர்’ என்ற எண்ணத்தையும் இங்கேயே தட்டிவிடுங்கள். வால்மீகியில் அவள் கல்லாவதில்லை. யார் கண்ணுக்கும் தெரியாமல் சாம்பலில் கிடக்கிறாள். தமிழில் பரிபாடல் 19ஆம் பாட்டிலேயே, திருப்பரங்குன்றத்து ஓவியத்தைக் காட்டும் இடத்தில், ‘கல்லுரு’ வந்துவிடுகிறது.

கதைக்குப் போகுமுன் கால்மணி நேரம் யுத்தகாண்டத்து மீட்சிப் படலத்துக்கு ஒதுக்குங்கள். சீதை தீக்குளித்தது தெரியாத பிள்ளைக்குக் கதையின் கடைசிப் பக்கம் வெறும் கோபமாகத்தான் படும். அடுத்த இரண்டு பாடவேளையில் கதையை வகுப்பிலேயே படித்து முடியுங்கள். புதுமைப்பித்தன் எழுத்து நாட்டுடைமை என்பதால் நகலெடுத்துக் கொடுக்கலாம். ராமன் கேட்டதால் தீக்குளித்ததாகச் சீதை சொன்னதைக் கேட்டு, ‘அவன் கேட்டானா?’ என்று அகலிகை கத்தும் இடத்தில் நிறுத்துங்கள். அதுவரை ‘அவர்’ என்ற பேச்சில் ‘அவன்’ எப்போது நுழைகிறது என்று பின்னோக்கித் தேடட்டும். ஒரு விகுதி மாறியதில் எவ்வளவு உடைந்தது என்று அவர்களே சொல்வார்கள்.

ஆறாவது பாடவேளை எழுத்துக்கு. ஒற்றுமை வேற்றுமை அட்டவணை கேட்காதீர்கள். அதில் இரண்டு நூலும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனிக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். 150 சொல்லில் ஒரே பத்தி கேளுங்கள். அதில் ஒரு கூற்றும், கம்பனிலிருந்து ஓர் அடியும், கதையிலிருந்து ஒரு வரியும் இருக்கவேண்டும். ‘புதுமைப்பித்தன் முற்போக்காளர்’ என்பது கூற்றல்ல. எந்த நூலுக்கும் ஒட்டும். ‘கம்பன் துகளுக்குக் கொடுத்த ஆற்றலைப் புதுமைப்பித்தன் பறிக்கவில்லை, அதைக் கணக்குக் கேட்க வைக்கிறார்’ என்பது கூற்று.

வீட்டிலிருந்து ‘ராமனைக் குறை சொல்கிறீர்களா?’ என்று கேள்வி வரலாம். ராமன் அவளை ‘அன்னை’ என்று விளிக்கும் கம்பன் வரியையும் முதலிலேயே படித்திருந்தால் பிள்ளைகளே பதில் சொல்வார்கள்.

இரண்டு பாடவேளைதான் கிடைக்குமென்றால், ‘வண்ணம்’ பாட்டையும் கதையின் கடைசிப் பக்கத்தையும் மட்டும் எடுங்கள். நடுவில் உள்ளதை வாய்மொழியாகச் சொல்லிவிடலாம்.