கண் தெரியாமல் கதை எழுத 35,000 ரூபாய் எதற்கு?

கேள்வி: வயது 56. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தேன். கிளாக்கோமாவில் இரண்டு கண்ணும் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. முன்பு வார இதழ்களில் சிறுகதை எழுதியிருக்கிறேன். மறுபடி எழுத ஆசை. ‘பேசும் மென்பொருள்’, பயிற்சி எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய் என்கிறது ஒரு பயிற்சி மையம். மகளோ, “நீங்க சொல்லுங்கப்பா, நான் எழுதுறேன்” என்கிறாள். எது சரி?

பதில்: பணம் கட்டிவிட்டீர்களா? இல்லையென்றால் கட்டாதீர்கள்.

கணினித் திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற மென்பொருள் முழுக்க இலவசம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-ல் தொடங்கியது. கட்டணம் கேட்கக்கூடாது என்பதற்காகவே தொடங்கியது. தமிழ்க் குரலும் அதனுடனேயே வருகிறது. இதை ஒரு பென்டிரைவில் போட்டு, ‘லைசென்ஸ்’ என்று சொல்லி விற்கும் ஆசாமிகள் இருக்கிறார்கள். வேறு சிலர், விலை உயர்ந்த வெளிநாட்டு மென்பொருளின் திருட்டுப் பிரதியை ஏற்றிவிடுவார்கள். அது ஒருநாள் ஊமையாகிவிடும். அவர்களும் போனை எடுக்க மாட்டார்கள். பயிற்சிக்குப் பணம் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் மென்பொருளுக்கு என்று தனியாக ஒரு ரூபாய் பில் போட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். என்விடிஏவின் தமிழ்க் குரல் இயந்திரத்தனமாக இருக்கும், முதலில் எரிச்சல் வரும். பழகிவிடும். பிரெய்லியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

மகள் எழுதித் தருவது பற்றி. பார்வை போன மில்டன் தன் காவியத்தைச் சொல்லிச் சொல்லித்தான் எழுதவைத்தார் என்று யாராவது உங்களிடம் கட்டாயம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நான்காவது தடவை ஒரு வரியை மாற்றச் சொல்லும்போது மகள் முகம் சுளிக்காவிட்டாலும் உங்களுக்கே கூச்சமாகிவிடும், திருத்தாமல் விட்டுவிடுவீர்கள். கதை அங்கேதான் கெடுகிறது. போனில் பேசித் தட்டச்சு செய்யலாமே என்றால், கடிதத்துக்குச் சரி. கதையில் நீங்கள் யோசிக்க நிறுத்தினால் மைக் நின்றுவிடும். ‘வந்துக்கிட்டிருந்தாரு’ என்று பேச்சு வழக்கில் சொன்னதை அது தன் இஷ்டத்துக்கு மாற்றிப் போடும். மனமா, மணமா என்பதைத் திரும்பப் படித்துக்காட்டும் குரலை வைத்துக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

ஆகவே நீங்களே தட்டச்சு செய்யுங்கள். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. எந்த கீபோர்டிலும் எஃப், ஜே பொத்தான்களில் சின்ன மேடு தட்டுப்படும். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் அங்கே வையுங்கள். இடது விரலின் அடியில் இருப்பது புள்ளி, வலது விரலின் அடியில் ‘ப’. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யில் ‘வ’, ‘ங’ தவிர மற்றதெல்லாம் வலது கைக்கு. ‘ன’ நடுவிரலுக்கு, ‘ண’ சுண்டுவிரலுக்கு. காது குழம்பும் இடத்தில் விரல் குழம்பாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் லோயரோ ஹையரோ பாஸ் செய்தவர் என்றால் தமிழ்99 பக்கமே போகாதீர்கள். உங்கள் விரல்களுக்குப் பழைய தட்டச்சுப் பொறியின் இடங்கள் பதிந்திருக்கும். அதை அழித்துப் புதிதாக எழுதுவது வீண் வேதனை. அதே அமைப்பில் யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், அடிக்க இலவச மென்பொருள் இருக்கிறது, என்எச்எம் ரைட்டர் ஒன்று. ஆனால் லோயர் சேர்ந்து இரண்டு மாதத்தில் நின்றவர் இந்தக் கணக்கில் வரமாட்டார். பாஸ் செய்துவிட்டு அப்புறம் தொடாதவர் வருவார். பத்து நிமிடம் கையை வைத்துப் பாருங்கள், தானாக ஓடினால் பழையது, தடவினால் தமிழ்99. ஆங்கிலம் மட்டும் பாஸ் செய்தவருக்கும் தமிழ்99-தான்.

அடித்ததை எப்போதும் யூனிகோடிலேயே வைத்திருங்கள். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நம் பதிப்பகங்களில் பல இன்னும் பழைய எழுத்துருவில்தான் பக்கம் கட்டுகின்றன. அவர்கள் மெய்ப்புக்கு அனுப்பும் பிடிஎஃபை என்விடிஏ திறந்தால் தமிழே வராது, ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த உளறல்தான் கேட்கும். உங்கள் கணினியில் கோளாறு என்று நினைத்து ரிப்பேர்காரருக்குப் பணம் அழாதீர்கள். “யூனிகோடு வேர்டு கோப்பாக அனுப்புங்கள்” என்று கேளுங்கள். முனகுவார்கள். முனகட்டும்.

புத்தகம் என்று வரும்போது அடுத்த கூட்டம் வரும். ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் வாங்கித் தர ஐயாயிரம் என்பார்கள். இந்தியாவில் அந்த எண் இலவசம். பதிப்புரிமையைப் பதிவு செய்யாவிட்டால் கதை பறிபோகும் என்று பயமுறுத்துவார்கள். எழுதி முடித்த கணமே உரிமை உங்களுடையது, மகள் கையால் எழுதினாலும் உங்களுடையதே. பதிவு கட்டாயமில்லை. ஆசைப்பட்டால் அரசுக் கட்டணம் ஒரு படைப்புக்கு 500 ரூபாய்தான்.

ஒப்பந்தத்தையும் கோப்பாக வாங்கி என்விடிஏவில் நீங்களே கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து. ‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டி சார், இங்க ஒரு கைநாட்டு’ என்றால் கையை மடக்கிக்கொள்ளுங்கள். எத்தனை வருடத்துக்கு உரிமை தருகிறீர்கள் என்பது அதில் இருக்கவேண்டும். எழுதாமல் விட்டால் சட்டப்படி ஐந்து வருடம். ‘நிரந்தரமாக’ என்று எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள்.