எக்ஸெலில் ‘ஜூன் 24’ என்று அடித்தால் ஜூன்-25 என்று காட்டுகிறது, ஏன்?

நீங்கள் 2024 ஜூன் என்று நினைத்து அடிக்கிறீர்கள். எக்ஸெல் அதை ஜூன் மாதம் 24ஆம் தேதி என்று படிக்கிறது. ஆண்டு சொல்லாததால் கணினிக் கடிகாரத்தில் ஓடும் ஆண்டைச் சேர்த்துக்கொள்கிறது. 2025இல் அடித்திருந்தால் செல்லுக்குள் இருப்பது 24-06-2025. மாதம்-ஆண்டு ஃபார்மேட் போட்டிருப்பதால் ஜூன்-25 என்று தெரிகிறது. தேதி ஃபார்மேட்டை எப்படி மாற்றினாலும் காட்டும் விதம்தான் மாறும், படிக்கும் விதம் மாறாது. சந்தேகம் இருந்தால் செல்லைக் கிளிக் செய்து மேலே ஃபார்முலா பாரைப் பாருங்கள்.

மாதத்துக்குப் பின் வரும் எண் தேதியாக இருக்கவே முடியாது என்றால்தான் அதை ஆண்டாக எடுக்கும். ஜூன் 30 என்றால் இந்த ஆண்டு ஜூன் 30. ஜூன் 31 என்று ஒரு நாளே கிடையாது, அதனால் மாதம்-ஆண்டு என்று கொண்டு, 1ஆம் தேதியைத் தானே போட்டுக்கொள்ளும். அதுவும் 2031 ஆகாமல் 1931இல் போய் நிற்கலாம். 00 முதல் 29 வரை 2000க்கு மேல், 30 முதல் 99 வரை 1900க்கு மேல் என்பது நெடுநாள் ஏற்பாடு. விண்டோஸின் ரீஜன் செட்டிங்கில் இந்த எல்லையை மாற்றலாம். பிப்ரவரி 29 இன்னும் வேடிக்கை: லீப் ஆண்டில் அடித்தால் அந்த ஆண்டின் பிப்ரவரி 29, மற்ற ஆண்டுகளில் அடித்தால் 2029 பிப்ரவரி 1!

இனிமேல் ஆண்டை நான்கு இலக்கத்தில், ஜூன் 2024 என்றே அடியுங்கள். செல்லை முன்கூட்டியே டெக்ஸ்ட் ஆக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, அப்புறம் வரிசைப்படுத்தும்போது ஆங்கில அகர வரிசையில் ஏப்ரல்தான் முதலில் வரும். ஏற்கெனவே அடித்ததை டெக்ஸ்ட் ஆக்கினாலோ 45832 என்று ஓர் எண் எட்டிப் பார்க்கும். 24-06-2025க்கு எக்ஸெல் உள்ளே வைத்திருக்கும் எண் அது.

சரி, ஏற்கெனவே அடித்தவற்றை மீட்கலாம். நீங்கள் நினைத்த ஆண்டு, நாளின் இடத்தில் பத்திரமாக இருக்கிறது. பக்கத்து நெடுவரிசையில் டேட் (DATE) ஃபங்ஷனைப் போட்டு, ஆண்டுக்கு 2000உடன் அந்தச் செல்லின் டே (DAY) மதிப்பைக் கூட்டுங்கள், மாதத்துக்கு அதன் மந்த் (MONTH) மதிப்பு, நாளுக்கு 1 கொடுங்கள். 1931 போல ஆனவற்றைத் தனியே ஃபில்டர் செய்து, இடேட் (EDATE) ஃபங்ஷனில் 1200 மாதம், அதாவது 100 ஆண்டு, கூட்டினால் போதும். நாள் 1 என்று இருக்கும் வரிகளை மட்டும் கையால் பாருங்கள். சரியாக அடித்த ஜூன் 2024உம் அப்படித்தான் இருக்கும், அதை இந்த ஃபார்முலா 2001க்கு அனுப்பிவிடும்.