ரஷ்யப் போர்ப் படங்களுக்கும் ஹாலிவுட் போர்ப் படங்களுக்கும் பார்ப்பவர்களுக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

இரண்டு அம்மாக்களை வைத்துச் சொல்கிறேன்.

'சேவிங் பிரைவேட் ரயான்' (1998) படத்தில் வரும் அம்மா உங்களுக்கு நினைவிருக்கும். அயோவா மாநிலத்தில் வயல்களுக்கு நடுவே ஒரு வீடு. ஜன்னல் வழியே கார் வருவது தெரிகிறது. வாசலுக்கு வந்தவர், காரிலிருந்து பாதிரியாரும் இறங்குவதைப் பார்த்ததும் கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். மூன்று மகன்கள் போய்விட்டார்கள். நான்காவது மகனையாவது உயிரோடு அனுப்பிவைக்க வேண்டும் என்று எட்டுப் பேர் பிரான்ஸுக்குள் தேடிப் போவதுதான் மீதிக் கதை. அந்தக் காட்சிக்குப் பிறகு அம்மாவை நாம் பார்ப்பதில்லை. நம் கவனமெல்லாம் ரயான் கிடைப்பானா, யார் யார் தப்பிப்பார்கள் என்பதில்தான் இருக்கும்.

இன்னொரு அம்மா, கிரிகோரி சுக்ராய் இயக்கிய 'பேலட் ஆஃப் எ சோல்ஜர்' (1959) படத்தில் வருபவர். படம் தொடங்கும்போதே ஊருக்கு வெளியே போகும் சாலையைப் பார்த்தபடி நிற்கிறார். அவருடைய மகன் திரும்பி வரப்போவதில்லை, எங்கோ தூர தேசத்து மண்ணில் புதைக்கப்பட்டிருக்கிறான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். பிழைப்பானா மாட்டானா என்ற கேள்வியே இல்லை. அப்புறம் எதற்காகப் பார்க்க வேண்டும்? அவன் கையில் கிடைத்த ஆறு நாட்களை எப்படிச் செலவழித்தான் என்று பார்ப்பதற்காக.

அந்த மகன் அல்யோஷாவுக்கு வயது 19. பயந்து ஓடியவன், ஓட முடியாத கட்டத்தில் இரண்டு ஜெர்மன் டாங்கிகளைச் சுட்டு நிறுத்திவிடுகிறான். தளபதி பதக்கம் தர நினைக்கிறார். இவனோ, பதக்கத்துக்குப் பதில் அம்மாவைப் பார்த்துவிட்டு வரட்டுமா, வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம் என்கிறான். போக இரண்டு நாள், வர இரண்டு நாள், கூரைக்கு இரண்டு நாள் என்று விடுப்பு கிடைக்கிறது. வழியில் ஒரு கால் போன சிப்பாய் ஒருவன், இந்த நிலையில் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்று தயங்கி நிற்கிறான். அவனுக்குத் துணையாக இருந்ததில் கொஞ்ச நேரம் போகிறது. போர்முனையில் இருக்கும் இன்னொருவன் தன் மனைவிக்குக் கொடுக்கச் சொல்லி சோப்பு கொடுத்து அனுப்பியிருக்கிறான். அந்தப் படைப்பிரிவிடம் இருந்த சோப்பே அவ்வளவுதான். கொண்டுபோனால் அந்த மனைவி வேறொருவரோடு வாழ்கிறார். அல்யோஷா கொடுத்த சோப்பைத் திரும்ப எடுத்து, அந்தச் சிப்பாயின் அப்பாவைத் தேடிப்போய்க் கொடுத்துவிட்டு வருகிறான். இப்படியே நாட்கள் கரைகின்றன. கடைசியில் ஊர் வந்து சேரும்போது நேரமே மிச்சமில்லை. வயலிலிருந்து அம்மா ஓடி வருகிறார். சாலையில் நின்றபடியே சில நிமிடப் பேச்சு. அவனை ஏற்றிவந்த லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். கூரை அப்படியே ஒழுகிக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்த்து முடித்ததும் நான் என் அம்மாவுக்குப் போன் செய்தேன், பேச விஷயம் எதுவும் இல்லாமலே.

ஹாலிவுட் படங்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ரயான் படத்தின் ஒமாஹா கடற்கரைச் சண்டைக் காட்சியை இன்று பார்த்தாலும் வயிறு கலங்கும். ஆனால் அமெரிக்காவுக்கு இரண்டாம் உலகப் போர் என்பது கடல் தாண்டிப் போய்ச் செய்துவிட்டுத் திரும்ப வேண்டிய ஒரு வேலையாக இருந்தது. வீடு பத்திரமாக இருந்தது. அங்கே இறந்தவர்கள் ஏறக்குறைய 4 லட்சம் பேர். சோவியத் ஒன்றியத்தில் ஏறக்குறைய 2.7 கோடி. அதில் பாதிக்கும் மேல் பொதுமக்கள். போர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அதனால்தான் அவர்களுடைய நல்ல படங்களில் காத்திருப்பவர்களுக்கு இத்தனை இடம். 1958இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய 'தி க்ரேன்ஸ் ஆர் ஃப்ளையிங்' படமும் காதலனுக்காகக் காத்திருக்கும் வெரோனிகாவின் கதைதான்.

எடுத்தவர்கள் யார் என்பதும் முக்கியம். சுக்ராய் ஸ்டாலின்கிராடில் சண்டை போட்டவர். 'தி டான்ஸ் (Dawns) ஹியர் ஆர் கொயட்' (1972) எடுத்த ரஸ்தோத்ஸ்கி போரில் காலை இழந்தவர். ஐந்து பெண் வீரர்களும் அவர்களுடைய மேலதிகாரியும் காட்டுக்குள் எதிரிகளைத் தடுக்கும் கதை. போர் கறுப்பு வெள்ளையில் வரும், அந்தப் பெண்களின் பழைய வாழ்க்கை வண்ணத்தில் வரும். நம் 'பேராண்மை' (2009) பார்த்தவர்களுக்கு இந்தக் கதை எங்கோ கேட்டதுபோல் இருக்கும். மூல நாவல் 'அதிகாலையின் அமைதியில்' என்று தமிழிலேயே வந்திருக்கிறது.

'கம் அண்ட் சீ' (1985) தனி ரகம். நாஜிகள் பெலாரஸில் மக்களோடு சேர்த்து 628 கிராமங்களை எரித்தார்கள். அதை ஒரு சிறுவனின் முகத்தை வைத்தே காட்டுகிறார் எலெம் கிளிமோவ். குண்டு விழுந்த பிறகு அவன் காதில் கேட்கும் ரீங்காரம் நமக்கும் கேட்டுக்கொண்டே இருக்கும். கதையை அவரோடு எழுதிய அதமோவிச், பதின்ம வயதில் பெலாரஸ் கொரில்லாப் படையில் இருந்தவர். இதற்குப் பிறகு கிளிமோவ் படமே எடுக்கவில்லை.

சரி, ரஷ்யப் படம் என்றாலே உண்மை பேசும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சோவியத் காலத்தில் அரசு அனுமதிக்காமல் அங்கே எதுவும் வெளிவந்ததில்லை. 'கம் அண்ட் சீ' எடுக்கவே கிளிமோவ் பல வருடம் போராட வேண்டியிருந்தது. எதிரியோடு சேர்ந்துவிட்டுத் திரும்பி வந்த ஒரு சோவியத் வீரனைப் பற்றி அலெக்ஸெய் கெர்மன் 1971இல் எடுத்த படம், 15 வருடம் பெட்டிக்குள் கிடந்தது.

இன்றைய ரஷ்யப் படங்களைப் பார்த்தால் உங்களுக்குப் பெரிய வித்தியாசமே தெரியாது. 'ஸ்டாலின்கிராட்' (2013), 'டி-34' (2019) இரண்டும் ஹாலிவுட் வித்தைகளை அப்படியே கற்றுக்கொண்டவை. 'டி-34' படத்தில் டாங்கிக் குண்டு ஸ்லோமோஷனில் பறக்கும், நாயகன் சிரித்துக்கொண்டே தப்பிப்பான். நேரம் போகும், எனக்கு மனதில் எதுவும் தங்கவில்லை. அதனால் தேடும்போது நாட்டைவிட வருடத்தைப் பாருங்கள் என்பேன். 1957 முதல் 1985 வரை வந்தவைதான் நீங்கள் கேட்கும் வித்தியாசத்தைக் காட்டும்.

மோஸ்ஃபிலிம் நிறுவனம் தன் பழைய படங்கள் பலவற்றை ஆங்கில சப்டைட்டிலோடு யூடியூபில் இலவசமாகவே போட்டிருக்கிறது. முதலில் 'பேலட் ஆஃப் எ சோல்ஜர்' பாருங்கள், ஒன்றரை மணி நேரம்தான். 'கம் அண்ட் சீ' படத்தைக் கடைசிக்கு வையுங்கள். அதை இரவில் தனியாகப் பார்க்க வேண்டாம். அடுத்த நாள் விடுமுறையாக இருந்தால் நல்லது.