0.22 ரிம்ஃபயர் ரைபிளில் ஒரு மேகசின் மட்டும் தோட்டாவைச் சிக்கவைப்பது ஏன்?

ரூகர் 10/22 போன்ற அரைத்தானியங்கி ரைபிளில் தோட்டா அடிக்கடி சிக்குகிறது, பழுது ரைபிளிலா மேகசினிலா (தோட்டாக்களை அடுக்கி ரைபிளில் செருகும் கூட்டிலா) என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ரைபிளைக் காலிசெய்து, தோட்டா அறையையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு மேகசினிலும் எண் எழுதி, ஒரே பெட்டித் தோட்டாக்களை இட்டுச் சுட்டுப் பார்த்தால், கோளாறு ஓர் எண்ணையே தொடர்கிறதா என்பது தெரிந்துவிடும்; எல்லா எண்களிலும் வந்தால் ரைபிளையோ தோட்டாவையோதான் சந்தேகிக்க வேண்டும்.

0.22 எல்.ஆர். (லாங் ரைபிள்) என்பது ரிம்ஃபயர் தோட்டா, அதாவது அடிவிளிம்பில் அடிபட்டு வெடிப்பது. அந்த அடிவிளிம்பு துருத்திக்கொண்டிருப்பதால், தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெட்டி மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த்தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அது முன்னே நகராது. நிரப்பும்போதே கவனிக்க வேண்டியது இது. 1964இல் வந்த 10/22இன் பத்துத் தோட்டா மேகசின், சுழலி என்னும் சுழலும் உருளையின் தனித்தனிப் பள்ளங்களில் தோட்டாக்களை வைத்து இத்தொல்லையைத் தவிர்க்கிறது. அதிலும் சிக்கினால் பெரும்பாலும் அழுக்குதான் காரணம்: தோட்டாவின் மெழுகும் வெடிமருந்துக் கரியும் சேர்ந்து பிசினாகிச் சுழலியை மந்தமாக்கிவிடும். மேல் தோட்டாவை விரலால் அழுத்தி விட்டால் சட்டென எழ வேண்டும். சோம்பலாக எழுந்தால் கழற்றித் துடைத்து, எண்ணெய் விடாமல் (பலரும் செய்யும் தவறு இதுவே) உலர்வாகப் பூட்டி, சுருள்வில்லுக்குக் கையேட்டில் உள்ள அளவு முறுக்கேற்றுங்கள். பெட்டி மேகசினின் வாய் (மேல் தோட்டாவைப் பிடித்திருக்கும் விளிம்புகள்) வளைந்திருந்தால், இடுக்கியால் நிமிர்த்திப் பார்ப்பதைவிடப் புதிது வாங்குவதே மேல்.